ராஜாவுக்குக் கொடுத்த டிரெயினிங்

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஷேவ் செய்துகொண்டிருந்தேன். வாசலில் ஆபீஸ் நண்பர் ஒருவர் நின்றார். கையில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் ஒரு நாய்!

"சார், இதை நீங்க வெச்சுக்கறீங்களா? அடுத்த வாரம் சம்சாரம் பிரசவம் முடிஞ்சு குழந்தையோட வராங்க. நாய் இருக்கற வீட்ல குழந்தையை எப்படி சார் விடறது?"

நாய் என் செருப்பை மோந்துகொண்டிருந்தது. தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று அதற்கு எப்படித் தெரியும்? பாதி சோப்பு முகத்தோடு அவரை உட்கார வைத்து, என் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு நாயைத் திரும்ப அழைத்துக்கொண்டு போனார். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்...

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன், எடமலைப்பட்டி புதூரில் வாடகைக்கு இருந்தோம். கல்யாணமாகி ஆறு வருஷம். குழந்தை இல்லை. நான் ஒன்பதுக்கு ஆபீஸ் போனால் ஆறுக்குத்தான் திரும்புவேன். என் மனைவி பத்மாவுக்குப் பகலெல்லாம் துணை, ஒரு மழை நாளில் அவளே தூக்கி வந்த செவலை நாய். ராஜா என்று பெயர் வைத்தாள். அவள் கிணற்றடிக்குப் போனால் அதுவும் கிணற்றடிக்குப் போகும். அவள் சமைத்தால் அடுக்களைக்கு வெளியே படுத்துக்கொண்டு வாசலைப் பார்க்கும்.

ஏழாம் வருஷம் பத்மா உண்டானாள். சீமந்தம் முடிந்து ஸ்ரீரங்கம் உத்தர வீதியிலுள்ள பிறந்த வீட்டுக்குப் போனாள். ஆண் குழந்தை, சுகப்பிரசவம். பதினோராம் நாள், தீட்டுக் கழிக்கும் புண்யாஹவாசனத்தன்று மாமனார் என்னைத் தனியே கூப்பிட்டார். ரிடையரான ஹைஸ்கூல் வாத்தியார். எதையும் தீர்ப்பு மாதிரிதான் சொல்வார்.

"மாப்பிள்ளை, மூணாம் மாசம் கொண்டு விடறோம். அதுக்குள்ள அந்த நாயை எங்கேயாவது அனுப்பிடுங்கோ. பெருமாள் கடாட்சத்துல கெடைச்ச குழந்தை."

மண்ணச்சநல்லூரில் ஒரு ரைஸ் மில்லில் காவலுக்கு நாய் கேட்டிருந்தார்கள். அனுப்பியிருக்கலாம். ஆனால் உள்ளேயிருந்து, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பத்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பார்க்கலாம் மாமா" என்று சொல்லி நழுவினேன்.

யாரைக் கேட்பது? தெரிந்த கால்நடை ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஒருவர் இருந்தார். அவர் சிரிக்காமல் யோசித்துப் பதில் சொன்னார்.

"வாசனை முன்னாடி வரட்டுங்க. புள்ள பின்னாடி வரட்டும். வர்ற அன்னிக்கு அதுக்குப் புதுசா எதுவும் இருக்கக் கூடாதுங்க."

அடுத்த ஞாயிறு மாமியாரிடம் போய் நின்றேன். "மாமி, குழந்தையோட துணி ஒண்ணு வேணும். தோய்க்காதது."

"தோய்க்காததா? எதுக்கு மாப்பிள்ளை?"

"நாய் மோந்து பார்க்கணும்."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் என்னோடு யாரும் சரியாகப் பேசவில்லை. பத்மாதான் துணியைச் சுருட்டி ரகசியமாகப் பையில் போட்டுக் கொடுத்தாள். பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

கூடத்தில் பத்மாவின் பழைய புடவையால் தூளி கட்டினேன். உள்ளே அம்மிக்குழவி, அதன்மேல் அந்தத் துணி. தினமும் ஆபீஸிலிருந்து வந்து அரைமணி நேரம் ஆட்டுவேன். ராஜா தூளியடியில் போகக் கூடாது, கட்டிலில் ஏறக் கூடாது, குலைக்கக் கூடாது. குழந்தை மாதிரி அழுதும் காட்டினேன். ராஜா என்னைப் பரிதாபமாகப் பார்த்தது.

பக்கத்து வீட்டு அம்மாள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். "ஊர்லேர்ந்து வந்துட்டாங்களா சார்?"

"இல்லீங்க... நாய்க்குப் பழக்கறேன்."

தலை உடனே மறைந்துவிட்டது.

இன்னொரு சிக்கல். மாமியார் பேரனைக் கொஞ்சும்போது காதில் விழுந்தது — "என் ராஜா! வாடா ராஜா!" நம் வீட்டிலும் இப்படிக் கொஞ்சினால் ஓடி வருவது யார்? அன்றைக்கே பெயரை டைகர் என்று மாற்றினேன். சமஸ்தானங்களே போய்விட்ட காலம். இவனுக்கும் பட்டம் போயிற்று! புதுப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கவே ஒரு மாதம் ஆனது.

கடைசியில் அந்த நாள் வந்தது. வாடகைக் காரில் வந்தார்கள். அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் வாசலில் கூடிவிட்டார்கள். நாயைக் கட்டவில்லை. என் டிரெயினிங்மேல் அவ்வளவு நம்பிக்கை. சொன்னபடி படியோரம் உட்கார்ந்திருந்தது.

கார் கதவு திறந்தது. குழந்தையோடு பத்மா இறங்கினாள். அவ்வளவுதான்... அம்பு மாதிரி பாய்ந்தது. இரண்டு முன்னங்கால்களும் அவள் தோளில்! தடுமாறி, முழங்கை தரையில் உரச விழுந்தாள். கையிலிருந்து குழந்தை நழுவ, மாமியார் பாய்ந்து பிடித்தார். குழந்தை வீறிட்டது. மாமனார் குடையை ஓங்கினார்.

"நாளைக்குக் காலம்பற இது இங்கே இருக்கப்படாது!"

எனக்கும் ஆத்திரம், அவமானம். கழுத்துப் பட்டையைப் பிடித்து அடிக்கக் கை ஓங்கினேன்.

"அடிக்காதீங்கோ!"

தெருப் புழுதியில் உட்கார்ந்திருந்தாள் பத்மா. முழங்கையில் ரத்தம். நாய் அவள் மடியில் முகத்தைப் புதைத்து முனகிக்கொண்டிருந்தது. அது குலைப்பு இல்லை, அழுகை.

"குழந்தையை அது பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தது. அஞ்சு மாசமாச்சே..."

கால்மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து தடவிக் கொடுத்தாள். பிறகு குழந்தையை வாங்கி, அதன் பாதத்தை நாயின் மூக்கருகே காட்டினாள். ஒரு தடவை மோந்தது. தெரிந்த வாசனை! தும்மிவிட்டு மறுபடி பத்மா பக்கம் திரும்பிக்கொண்டது.

நாயை அனுப்பும் பேச்சை ஒத்திப்போட்டு மாமனார் பத்து நாள் தங்கினார், குடையும் கையுமாகத் தூளிக்குக் காவல். நாய் தூளியிலிருந்து நாலடி தள்ளியே படுத்தது. கிளம்பும்போது, "கட்ட வேண்டாம். இருக்கட்டும்" என்று தீர்ப்பை மாற்றிக்கொண்டார்.

நண்பருக்கு நான் சொன்ன யோசனையும் இதுதான். முதலில் சம்சாரம் வெறுங்கையோடு உள்ளே போகட்டும். நாய் அவரைப் பார்க்கட்டும். குழந்தை கொஞ்சம் பொறுத்து வரலாம்.

குழந்தை வருவதற்காக வாசனை, தூளி, பெயர் எல்லாம் தயார் செய்தேன். திரும்பி வருகிறவளுக்காக? கார் வந்து நின்றதும் நான் கேட்டது என்ன தெரியுமா? "தூங்கறானா?" அக்கம்பக்கத்தார் கேட்டது, "யார் ஜாடை?" நீ எப்படி இருக்கிறாய் என்று அவளை யாருமே கேட்கவில்லை. அந்தக் கூட்டத்தில் அவளைப் பார்க்க வந்தது அந்த நாய் ஒன்றுதான்.

அன்று சாயங்காலம் முழங்கைக்கு மருந்து போட்டபடி, தயங்கித் தயங்கி இதையெல்லாம் அவளிடம் சொன்னேன்.

"மொதல்ல ஒரு வாய் காபி கொடுங்கோ" என்றாள் பத்மா. "அப்புறம் வருத்தப்படலாம்."