பேஜோவின் இரண்டு முட்டைகள்

என் தங்கை சுலாஸ்த்ரி சிறுத்தைப்புள்ளிப் பல்லி வளர்க்கிறாள். வாத்து முட்டைக்காரர்கள் நிறைந்த எங்கள் பிரெபெஸ் ஊரில் அவள் துணிச்சல் எனக்குப் பெருமை. மழைக்காலத்தில் அவளுடைய ஆண்பல்லி பேஜோ செத்துப்போனது. பிறகு பெண்பல்லி இரண்டு முட்டை இட்டது. பேஜோவின் வாரிசு என்று இனி அவைதான். அவற்றில் உயிர் பிடித்திருக்கிறதா என்று தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

முட்டைகளை ஈர மணலில் பதித்து, மேற்புறம் பென்சிலால் புள்ளியிட்டு, டப்பாவைக் கதகதப்புக்காக ரைஸ் குக்கர் பக்கத்தில் வைத்தாள்.

வாத்து முட்டையை வெளிச்சத்தில் பார்ப்பது என் தொழில். சிவப்பு நரம்பு தெரிந்தால் பொரிக்க வைப்போம், தெரியாவிட்டால் உப்பில் ஊறவைப்போம். டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டும் வெறும் மஞ்சள்.

"கூமுட்டைடி. உப்புல போட்டுரலாமா?"

"உன் வாயை உப்புல போடு அண்ணே. இதுக்குக் கொஞ்ச நாள் ஆவும்."

அடுத்த வாரம் டப்பாவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். ஒரு முட்டையில் புள்ளியைக் காணோம்.

"யாரு இதைத் தொட்டது?"

"நான்தான்," என்றார் அம்மா, மிளகாய் அரைத்தபடியே. "தெனமும் புரட்டி விடுறேன். இல்லாட்டி கரு ஓட்டுல ஒட்டிக்கும்ல. இன்னிக்கு ஒண்ணைப் புரட்டினதும் பால்காரன் கூப்பிட்டான், மத்ததை விட்டுட்டேன்."

"அது வாத்தும்மா. பல்லி முட்டையைப் புரட்டினா உள்ள இருக்கறது செத்துரும்."

"அப்ப தாய்ப்பல்லி புரட்டாதா?"

"அது இட்டதும் போயிரும்."

"என்ன பொம்பளையோ அது."

புள்ளி கீழே போன முட்டையில் டார்ச் அடித்தாள். மேலே இளஞ்சிவப்பாக ஒரு வளையம் தெரிந்தது. மற்றது இன்னும் மஞ்சள்தான். புள்ளி மேலே வரும்படி திருப்பிவிடச் சொன்னேன்.

"வளையம் இப்ப மேல இருக்கு அண்ணே. திருப்பினா கீழ போயிருமே."

சுலாஸ்த்ரி பென்சிலை எடுத்து, வளையத்தின் மேலேயே புதிதாக ஒரு புள்ளி வைத்தாள். மஞ்சள் முட்டையையும் எடுக்கவிடவில்லை.

சில நாளில் அந்த வளையத்திலிருந்து மெல்லிய நரம்புகள் பிரிந்தன. சுலாஸ்த்ரி அன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள்.

"அப்ப நான் புரட்டினது நல்லதா, கெட்டதா?" என்று கேட்டார் அம்மா.