கூடாரம் விற்காத கடைக்காரர்

தாம்பரத்தில் மலையேற்றச் சாமான்கள் விற்கும் அந்தக் கடைக்காரருக்கு நரைத்த மீசை, மூக்கு நுனியில் கண்ணாடி. வாங்க வருகிறவர்களைச் சோதிப்பது அவர் வழக்கம். மறுநாள் மலையேறக் கிளம்ப வேண்டிய நான் ஒரு கூடாரம் கேட்டேன். கனமானது ஒன்று, லேசானது ஒன்று என இரண்டுதான் இருந்தன.

கனமானதை என் முதுகில் மாட்டிவிட்டு, “ஸ்டேஷன் வரைக்கும் நடந்துட்டு வாங்க சார்” என்றார். வெயிலில் போய் மூச்சுவாங்கத் திரும்பினேன்.

“லேசானதே கொடுங்க.”

அதை விரித்து, “பலமா இழுங்க” என்றார். இழுத்தேன். தையலோரம் டர்ரென்று கிழிந்தது. அவர் அசரவில்லை. “பாறைல உரசினாலும் இதே கதிதான்.”

“அப்ப கனமானதையே கொடுங்க சார்!” என்று கத்தினேன்.

“நீங்க மூச்சுவாங்கினதைப் பாத்தேனே. எப்படி சார் கொடுப்பேன்?”

வெறுங்கையோடு வீடு திரும்பினேன். தன் சரக்கைக் கிழிக்கவைத்து என் தோளுக்காகக் கவலைப்பட்ட மனிதரை என்ன சொல்லித் திட்டுவதென்று இன்றுவரை தெரியவில்லை.