பன்னிரண்டாவது கார்டு

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் நான் துபாயில் டைப்பிங் சென்டர் வைத்திருப்பவன். விசா விண்ணப்பத்தில் ஒரு எழுத்து பிசகினால் ஒருவனுடைய பிழைப்பே நின்றுவிடும். பத்தொன்பது வருடமாகப் பெயர், தேதி, நேரம் மூன்றையும் பிசகாமல் அடித்துக் கொடுத்துத்தான் சாப்பிடுகிறேன். இதில் வரும் நேரங்களும் அப்படித்தான். ஒன்றுகூட என் கைச்சரக்கு இல்லை.

இன்னொன்று. பேய் என்றால் நடுநிசியில்தான் வரும் என்று நினைப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். உச்சி வேளையில் வெளியே திரியாதே என்று நம் பக்கம் சும்மா சொல்லி வைக்கவில்லை. எனக்கு நடந்தது போன ஜூலையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டு பத்துக்கு. வெளியே நாற்பத்தாறு டிகிரி வெயில்.

என் பெயர் நிஜாம். சொந்த ஊர் கீழக்கரை. கடை நேரம் போக எனக்கு நாடகக் கிறுக்கு உண்டு. அந்த வருடம் நாங்கள் எடுத்துக்கொண்டது ஸ்பெயின் நாட்டு உள்நாட்டுப் போர். 1936இல் அங்கே பாசிசப் படை கிளம்பியபோது, ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து சாதாரண ஆட்கள் அதை எதிர்க்கப் போனார்கள். சுரங்கத் தொழிலாளி, தையல்காரர், கப்பலில் வேலை பார்த்தவர். சொந்த நாட்டு அரசாங்கங்கள் போகாதே என்று தடுத்தும் போனார்கள். ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அவர்கள் எழுதிய கடிதங்களையும் சொல்லிவிட்டுப் போன சாட்சியங்களையும் அப்படியே மேடையில் பேசுவதுதான் நாடகம். கற்பனை வசனம் கிடையாது. ஆவண நாடகம் என்பார்கள்.

அதில் ஒரு வேல்ஸ் சுரங்கத் தொழிலாளியின் கடிதத்தைப் பேசியவன் சோலைமுத்து. கமுதிப் பக்கத்துக்காரன். சோனாப்பூர் தொழிலாளர் கேம்பில் தங்கி, சாரம் கட்டும் வேலை பார்த்தான். ஆறு நாள் டூட்டி முடித்துவிட்டு, ஏழாம் நாள் துணி துவைக்காமல், தூங்காமல் ஒத்திகைக்கு வருவான். நாலு மாதம் ஒரு ஞாயிறு தவறவில்லை.

கடைசிக் காட்சியே அவன் கொடுத்ததுதான். கேம்பில் விடிகாலை நாலரைக்கு பஸ் வாசலில் நின்று டைம்கீப்பர் பெயர் வாசிப்பார். எவனாவது பாத்ரூம் வரிசையில் மாட்டிக்கொண்டால், அவனுடைய ரூம்காரன் "இருக்கேன்" என்று அவனுக்காகக் குரல் கொடுப்பான். இல்லாவிட்டால் அன்றைக்கு ஆப்சென்ட்.

"செத்துப்போனவங்க பேர வாசிங்க பாய்," என்றான் சோலைமுத்து. "அவங்களுக்குப் பதிலா நாங்க இருக்கேன்னு சொல்றோம். ரூம்காரன் சொல்ற மாதிரி."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. அப்படியே வைத்தேன்.

பிறகு நான் செய்ததையும் சொல்ல வேண்டும். மண்டபம் கொடுத்த சங்கத்தின் தலைவர் ஒரு நாள் வந்து ஒத்திகை பார்த்தார். "குடும்பம் குட்டியோட வந்து பாக்குற நிகழ்ச்சி நிஜாம். கேம்ப் ஆளு எதுக்கு? அதான் ராஜிக் இருக்காரே," என்றார். ராஜிக் ஆபீஸில் வேலை பார்ப்பவன், நன்றாகப் பேசுவான். நாடகம் முழுக்கத் தொழிலாளிகளைப் பற்றி. நடிக்க மட்டும் தொழிலாளி கூடாதாம். நான் சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. எனக்கு மண்டபம் வேண்டியிருந்தது. அரசாங்க அனுமதிக்கு அனுப்பும் நடிகர் பட்டியலில் சோலைமுத்துவின் பெயரை அழித்துவிட்டு, ராஜிக்கின் பெயரை என் கடையில் உட்கார்ந்து என் விரலால் நானே அடித்தேன்.

அதோடு விட்டேனா? அவனிடம் சொல்ல எனக்குத் துப்பில்லை. சனிக்கிழமை சாயங்காலம் அவனே போன் செய்தான்.

"நாளைக்கு முழு ஒத்திகையாமே பாய். எத்தன மணிக்கு வரணும்?"

"பதினொன்னுக்கு கேம்ப் வாசல்ல நில்லு சோலை. வண்டி அனுப்புறேன்."

"லிஸ்ட்ல என் பேரு போட்டாச்சுல்ல? மக போன்ல பாக்கணும்னு துடிக்குது."

"போட்டாச்சு, போட்டாச்சு."

வண்டி அனுப்பும் எண்ணமே எனக்கு இல்லை. ராஜிக்கிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி, வாயை மூடிக்கொண்டிரு என்றேன். சோலைமுத்து நின்று பார்ப்பான், ரூமுக்குத் திரும்பிப் போவான், நாலு நாள் முறைப்பான், பிறகு மறந்துவிடுவான். இதுதான் என் கணக்கு. நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அதைத்தான் செய்தேன்.

ஞாயிறு. சோனாப்பூரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, குசைஸில் இருந்த மண்டபத்தில் ஒன்றரைக்கு ஒத்திகை தொடங்கியது. என்னோடு சேர்த்துப் பதினோரு பேர். மேடையில் மட்டும் வெளிச்சம். நான் நடு வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தேன்.

1:50. கடைசி வரிசையில் 'டக்' என்று ஒரு சத்தம். மடக்கு நாற்காலியை யாரோ இறக்கி உட்கார்ந்தது போல. திரும்பிப் பார்த்தேன். இருட்டு. ஏசியின் இரைச்சல் மட்டும்.

1:58. ஏதோ வாடை... காய்ந்த மணல் வாடை. ஏசி பதினெட்டில் ஓடுகிற மண்டபத்தில் வெந்த மணல் எங்கிருந்து வந்தது?

"பாய், கதவு தெறந்திருக்கா?" என்று மேடையிலிருந்து பிருந்தா கேட்டாள். பெயர் வாசிக்கும் வேடம் அவளுக்கு.

எழுந்து போய்ப் பார்த்தேன். சாத்தித்தான் இருந்தது.

2:10. கடைசிக் காட்சி. பிருந்தா செத்தவர்களின் பெயரை வாசித்தாள். ஒவ்வொரு பெயருக்கும் ஒருவர், "இருக்கேன்." எட்டுப் பெயர் முடிந்தது. ஒன்பதாவது, வேல்ஸ்காரன் பெயர்.

"இருக்கேன்."

மேடையிலிருந்து வரவில்லை. எனக்குப் பின்னாலிருந்து வந்தது.

ராஜிக் என்னைப் பார்த்தான். "நான் இன்னும் சொல்லல பாய்..."

பிருந்தா மறுபடி வாசித்தாள்.

"இருக்கேன்."

இப்போது இன்னும் பக்கத்தில்.

பயம் வந்தால் ஓதும் குர்ஆன் வசனம், ஆயத்துல் குர்ஸி, அதை ஓத வாயெடுத்தேன். ஆறு வயதிலிருந்து மனப்பாடம். பாதியில் நின்றுவிட்டது.

போன் டார்ச்சை அடித்தேன்.

என்னிடமிருந்து மூன்றாவது நாற்காலி. சோலைமுத்து. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. அந்த வெயிலில் வந்தவன் முகத்தில் ஒரு சொட்டு வியர்வை இல்லை... உதடு மட்டும் வெடித்திருந்தது.

மேடையில் இருந்தவர்கள் யாரையும் பார்க்கவில்லையாம். குரல் மட்டும் எல்லோருக்கும் கேட்டிருக்கிறது.

"எப்படி வந்தே சோலை?"

"வந்துட்டேன் பாய்."

"யாரு கொண்டாந்து விட்டா?"

அவன் கண் இமைக்கவில்லை.

"லிஸ்ட்ல என் பேரு இருக்கா பாய்?"

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். பழகிப்போன பொய்தான் வாயில் வந்தது.

"இருக்கு சோலை."

கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

"சரி பாய்."

டார்ச் அணைந்தது...

மறுபடி போட்டேன்.

நாற்காலி மடங்கியிருந்தது.

மணி 2:14.

வாசலுக்கு ஓடினோம். அந்த மண்டபத்தில் உள்ளே போகும்போது ஐடி கார்டை செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டு, திரும்பும்போது வாங்கிக்கொள்ள வேண்டும். நேபாளி செக்யூரிட்டி தட்டை நகர்த்தினார். பதினோரு பேரும் எடுத்துக்கொண்டோம்.

தட்டில் இன்னும் ஒன்று கிடந்தது.

"பாரா ஆத்மி, பாரா கார்டு," என்றார் அவர். பன்னிரண்டு பேர், பன்னிரண்டு கார்டு.

சோலைமுத்துவின் கார்டு. எடுத்தேன்.

சுட்டது.

3:05க்கு போன் வந்தது. சோலைமுத்துவின் ரூம்காரன் ஐயப்பன்.

"பாய்... சோலை போயிட்டான் பாய். ரோட்டோரமா விழுந்து கெடந்திருக்கான். ஒன்னு இருவதுக்கு ஆம்புலன்ஸ் வந்து பாத்துட்டு, உசுரு இல்லேன்னுட்டாங்க."

ஐயப்பனே தொடர்ந்தான்.

"ஆஸ்பத்திரில ஐடி கேக்குறாங்க. பாக்கெட்ல காணோம். உங்ககிட்ட ஏதும் குடுத்தானா பாய்?"

கார்டு என் உள்ளங்கையில் இருந்தது. இன்னும் ஆறவில்லை.

அது எப்படி அந்தத் தட்டுக்கு வந்தது என்று இன்றுவரை யாராலும் சொல்ல முடியவில்லை. நாடகத்தை நிறுத்திவிட்டேன். உடல் ஊருக்குப் போன மறுநாள் சோனாப்பூருக்குப் போனேன். வண்டி அனுப்பாததையும், பட்டியலில் பெயரை அழித்ததையும் ஒருவரிடமாவது ஒப்புக்கொள்ளாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. ஐயப்பன் கட்டிலில் உட்கார்ந்து முழுதும் கேட்டான்.

"தெரியும் பாய்," என்றான். "அவனுக்கும் தெரியும். சனிக்கிழம ராத்திரியே ராஜிக் மனசு கேக்காம போன் பண்ணி எல்லாத்தையும் சொல்லிட்டாரு. வண்டி வராதுன்னும் சொல்லிட்டாரு."

"பின்ன ஏன்டா அந்த வெயில்ல கெளம்புனான்?"

"நானும் அதத்தான் கேட்டேன். 'பாய் போன்ல ஏதோ சொல்லிட்டாரு. நடந்தாச்சும் போயி, மூஞ்சியப் பாத்துக் கேக்குறேன். நேர்ல கேட்டா அவரு பொய் சொல்ல மாட்டாரு'ன்னான் பாய்."