மேல் கீல்

அந்த வருடம் எங்கள் சமையலறையில் ஒரு கதவு மூன்று முறை தொங்கிப்போனது. திருநின்றவூரில் வீடு கட்டிக் குடிவந்து நாலு வருடம்தான் ஆகியிருந்தது. அரிசி, பருப்பு வைக்கும் உயரமான கப்போர்டின் கதவு அது. மற்ற கதவுகளெல்லாம் நேராக நிற்க, அது மட்டும் ஒரு பக்கம் சாய்ந்து தரையில் உரசியது.

முதல் முறை ஆசாரியைக் கூப்பிட்டுத் திட்டினேன். ஸ்க்ரூவை முறுக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டாம் முறை நானே ஆவடியில் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் ஏழெட்டு கீல்களை எடுத்துப் பரப்பினார். "எத்தன அடி கதவும்மா? ஆறா? ரெண்டு கீலு பத்தாது. மூணு போடு. மேல் கீலுதான் மொத்த பாரத்தையும் இழுத்துப் புடிக்கும். அத நல்லதா எடுத்துக்க."

ஒவ்வொன்றையும் திறந்து மூடிப் பார்த்தேன். ஆட்டிப் பார்த்தேன். லேசாக ஆடியதைத் தள்ளி வைத்துவிட்டு, தகடு தடிமனாக இருந்ததில் மூன்று வாங்கிவந்தேன். இனி அசையாது என்று நிம்மதியாக இருந்தது.

ஒன்றரை மாதத்தில் மறுபடியும் தொங்கியது. ஆசாரி கதவைக் கழற்றிக் கீழே சாய்த்து வைத்தார். மேல் கீலின் ஸ்க்ரூக்கள் கழன்றிருக்கவில்லை. பலகையையே பிய்த்துக்கொண்டு வந்திருந்தன.

"அக்கா, கோச்சிக்காத. கீலு மேல தப்பு கெடியாது. யாரோ இத புடிச்சிகினு தொங்குறாங்க. இங்க பாரு."

கதவின் ஓரத்தில், தோள் உயரத்தில், கறுப்பாகக் கைத்தடம் இருந்தது. எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணை விட்டுப் போகாத மிஷின் எண்ணெய். எங்கள் வீட்டில் அந்தக் கை ஒருவருடையதுதான்.

மறுநாள் காலை குளியலறைக் கதவை ஒருக்களித்து வைத்துப் பார்த்தேன். என் கணவர் சமையலறை முக்காலியில் உட்கார்ந்து டீ குடித்து முடித்தார். எழுந்தார். எழுந்த வேகத்தில் கண்ணை மூடிக்கொண்டு கப்போர்டுக் கதவை எட்டிப் பிடித்தார். உடம்பின் கனம் முழுவதும் அதன் மேல் சாய்ந்தது. அரை நிமிடம் அப்படியே நின்றார். பிறகு சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது போல ரயிலுக்குக் கிளம்பினார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் அவருக்கு இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ் மிஷினில் வேலை. தகட்டை வைக்கக் கை உள்ளே போய்த்தான் வர வேண்டும். அங்கே ஒருவருக்கு இரண்டு விரல் போனபோது, துணியைச் சுற்றி ஆட்டோவில் தூக்கிப் போனவர் இவர்தான்.

சாயங்காலம் கேட்டேன். "எத்தன நாளா தல சுத்துது?"

முதலில் மழுப்பினார். பிறகு, "தீபாவளிலேர்ந்து" என்றார்.

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போனா தல சுத்துதுன்னு எழுதிக் குடுப்பாரு. அத பாத்துட்டு மிஷின்ல நிக்க வுடுவாங்களா? எனக்கு வேற இன்னா வேல தெரியும்?"

"கை போய்ட்டா?"

"போவாது. நீ யார்கிட்டயும் வாய தொறக்காத."

மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. அந்த மூன்று நாளும் போன் அடித்தால், கம்பெனி நம்பரா என்று பார்த்த பிறகுதான் எடுத்தேன். நாலாவது நாள் அவர் போன பிறகு அடுத்த வண்டியைப் பிடித்து அம்பத்தூரில் இறங்கினேன். கம்பெனி கேட்டில் நின்று சூப்பர்வைசரைக் கூப்பிடச் சொல்லி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வேகமாக உள்ளே போனார். இவர் கண்ணில் படுவதற்குள் நான் திரும்பி நடந்தேன்.

அன்று அவர் மதியமே வீட்டுக்கு வந்துவிட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "ஊட்டு விஷயத்த கேட்ல போய் சொல்லிகினு வந்திருக்க" என்று மட்டும் சொன்னார்.

கம்பெனியே டாக்டரிடம் அனுப்பியது. தலை சுற்றுவதற்குக் காரணம் காதுக்குள் ஏதோ கோளாறு, சரியாகப் பல மாதம் ஆகலாம், முழுசாகச் சரியாகாமலும் போகலாம் என்றார் டாக்டர். கம்பெனியில் பேக்கிங் பக்கம் மாற்றினார்கள். பதினெட்டு வருடம் மிஷினில் நின்றவர் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுகிறார். கூட வேலை செய்தவர்கள் கேலி பேசுவதாக, காலேஜ் படிக்கும் எங்கள் மகளிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட இரண்டு மாதம் அவள் வழியாகத்தான் கேட்டார்.

நான் செய்தது சரிதான் என்கிறாள் மகள். அவர் கை இரண்டையும் பார்க்கும்போது எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. முகத்தைப் பார்க்கும்போது தோன்றுவதில்லை.

போன வாரம் மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு ஆவடி ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தோம். வண்டி வருவதைப் பார்த்து எழுந்தவர் தள்ளாடினார். நான் கையை நீட்டினேன். அவர் பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். கூட்டம் எங்களை விலக்கிக்கொண்டு ஏறியது. அந்த வண்டியை விட்டுவிட்டோம்.