அடைத்துவிட்டேன் என்று நான் சொன்ன புதன்கிழமை

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, மலேசிய சுதந்திர நாளான மெர்டேக்கா விடுமுறைக்கு முந்தின வியாழக்கிழமை. மலாக்கா காஜா பேராங்கில் ஒரு தனியார் கல்லூரியின் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கடைவீட்டு வரிசையின் இரண்டாம் மாடியில் ஓர் ஏர்கோன் அறை, இரண்டு சர்வர், நான். அவ்வளவுதான். கீழே கடைகளுக்கு முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில் வரிசையாகக் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

காலை பதினொன்றேகாலுக்கு ஓர் அறிவிப்பு வந்தது. நேரம் இவ்வளவு சரியாகத் தெரிவதற்குக் காரணம், நான் எதையும் நோட்டில் எழுதிவைக்கிறவன். ஆசிரியர்களும் மாணவர்களும் இணையத்தில் மின்னஞ்சல் பார்ப்பதற்காக நாங்கள் வைத்திருந்த மென்பொருளில் ஓர் ஓட்டை இருப்பதாக அதை உருவாக்கியவர்களே அறிவித்திருந்தார்கள். யாராவது ஒரு கடிதத்துக்குள் சில வரிக் கட்டளைகளை ஒளித்து அனுப்பினால் போதும். அதைத் திறந்த நொடியில், திறந்தவரே செய்ததுபோல அவருடைய அஞ்சல்பெட்டியின் அமைப்புகள் மாறிவிடும். அவருக்கு ஒன்றும் தெரியாது. ஓட்டையை அடைக்கும் திருத்தத்தையும் கூடவே வெளியிட்டிருந்தார்கள்.

அதைப் போட அரை மணி நேரம் போதும். நான் போடவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை. சர்வரில் எந்த மாற்றமானாலும் மாதத்தின் முதல் சனிக்கிழமைதான், விடுமுறைக்கு முன்னால் எதையும் தொடுவதில்லை என்பது நானே எனக்கு வைத்துக்கொண்ட விதி. ஒருமுறை தீபாவளிக்கு முதல் நாள் எதையோ மாற்றப்போய், நான்கு நாட்கள் கல்லூரி முழுக்க மின்னஞ்சல் இல்லாமல் போனதிலிருந்து வந்த விதி. எனவே வேலையை அடுத்த வாரச் சனிக்கிழமைப் பக்கத்தில் குறித்துவைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

சனிக்கிழமை ஒழுங்காகவே செய்தேன். திருத்தத்தைப் போட்டு, எனக்கு நானே ஒரு சோதனைக் கடிதம் அனுப்பித் திறந்து பார்த்தேன். ஒளித்துவைத்த கட்டளை வேலை செய்யவில்லை. நோட்டில் சிவப்பு மையில் சரிக்குறி போட்டேன்.

அக்டோபர் நடுவில், ஒரு புதன்கிழமை மதியம், கல்லூரியின் மாணவர் ஆலோசகர் என் அறைக்கு வந்தார். என்னைவிட ஐந்தாறு வயது இளைய பெண். மாணவர்கள் வீட்டுத் தொல்லையோ மனத்தொல்லையோ எதுவானாலும் அவருக்குத்தான் எழுதுவார்கள். கதவைச் சாத்திவிட்டு, உட்காராமலேயே கேட்டார்.

"அண்ணே, என் மெயில வேற யாராச்சும் படிக்க முடியுமா?"

விஷயத்தை மெதுவாகச் சொன்னார். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி, எங்கள் கல்லூரியிலேயே கணினி படிக்கும் ஒருவனோடு பழகி, அவன் அடிக்க ஆரம்பித்ததும் விலகிவிட்டாள். அவன் விடவில்லை. யாருக்கும் தெரியாமல் புக்கிட் பாருவில் ஓர் அறை எடுத்துத் தங்கினாள். அந்த முகவரியை ஆலோசகரைத் தவிர யாருக்கும் அவள் எழுதவில்லை. அப்படியிருந்தும் முந்தின நாள் சாயங்காலம் அவன் அந்த வாசலில் வந்து நின்றிருக்கிறான். வீட்டுக்காரச் சீனர் சத்தம் போட்டதால் போய்விட்டான். அவள் அன்றே தெங்கேராவில் இருக்கும் அத்தை வீட்டுக்கு மாறப்போவதாகச் சொல்லியிருந்தாள்.

நான் பதறவில்லை. ஆலோசகரின் கணக்கில் இரண்டு மாதத்தில் யார் யார் நுழைந்தார்கள் என்ற பதிவை அங்கேயே எடுத்துப் பார்த்தேன். அவரைத் தவிர யாரும் நுழைந்திருக்கவில்லை. நோட்டைத் திறந்து சரிக்குறியையும் காட்டினேன்.

"யாராலயும் முடியாதும்மா. ஓட்டை ஒண்ணு இருந்துச்சு, போன மாசமே அடைச்சிட்டேன். வேணும்னா பாஸ்வேர்ட மாத்திக்குங்க."

அவர் குனிந்து நோட்டைப் பார்த்தார். "அப்ப நான்தான் எங்கயோ வாய விட்டுட்டேன் போல" என்றார். கண்ட்டீனில் யாரோடு பேசினேன், காரில் யார் இருந்தார்கள் என்று வாய்விட்டே யோசித்துக்கொண்டு படி இறங்கினார். பிறகு தெரிந்தது, நான் சொன்னதை அவர் மூலம் கேட்ட அந்தப் பெண்ணும் அவரைத்தான் சந்தேகித்திருக்கிறாள். இருந்தும் வேறு யாருமில்லாததால், மறுநாள் அத்தை வீட்டு முகவரியை அவருக்கே எழுதியிருக்கிறாள்.

சனிக்கிழமை மாலை ஆலோசகர் மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டார். அவன் தெங்கேராவுக்கும் வந்துவிட்டான். பழைய வீட்டின் செங்குத்தான மரப்படி. அவள் தப்பிக்க ஓடியபோது தலைமுடியைப் பிடித்து இழுத்திருக்கிறான். படியில் உருண்டு மணிக்கட்டும் இடுப்பும் முறிந்துவிட்டன. ஆலோசகர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. தான் திங்கட்கிழமை வேலையை விடுவதாக மட்டும் சொன்னார்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கல்லூரியைத் திறந்து உட்கார்ந்தேன். நுழைவுப் பதிவை மறுபடி பார்த்தேன். சுத்தமாக இருந்தது. அதன்பிறகுதான், முதல் நாளே பார்த்திருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தேன். அவருடைய அஞ்சல்பெட்டி அமைப்பில், வரும் கடிதம் ஒவ்வொன்றின் பிரதியையும் வெளி முகவரி ஒன்றுக்கு அனுப்பும்படி ஒரு வரி இருந்தது. மெர்டேக்காவுக்கு மறுநாள் செவ்வாய்க்கிழமை, ஆலோசனைக்கு நேரம் கேட்பதுபோல ஒரு கடிதம் அவருக்கு வந்திருந்தது. அதைத் திறந்தபோது எழுதப்பட்ட வரி அது. அறிவிப்பு வந்து ஐந்தாம் நாள். நான் ஓட்டையை அடைத்ததற்கு நான்கு நாள் முன்பு.

திருத்தம் புதிதாக யாரும் நுழையாமல் தடுக்கும். ஏற்கெனவே நுழைந்தவன் செய்துவைத்ததை அது தொடாது. பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்த வரி போகாது. அவன் மறுபடி நுழையத் தேவையே இல்லாததால் பதிவிலும் அவன் தடம் இல்லை. புதன்கிழமை நான் "முடியாது" என்று சொன்னபோதும், வியாழக்கிழமை தெங்கேரா முகவரி வந்தபோதும், பிரதி போய்க்கொண்டேதான் இருந்தது. அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

மென்பொருளில் கோளாறு என்று மட்டும் அறிக்கையில் எழுதினால் போதும், நாள்களைக் குறிப்பிட வேண்டாம் என்று கல்லூரி நிர்வாகி போனில் சொன்னார். நோட்டின் பக்கங்களைப் பிரதி எடுத்துப் போலீசில் கொடுத்தேன். அவனைப் பிடித்தார்கள். அதனால் யாருக்கும் எதுவும் திரும்பக் கிடைக்கவில்லை.

அந்த ஞாயிறு மதியமே, அமைப்பிலிருந்த அந்த வரியை நீக்கிவிட்டு, ஆலோசகரிடம் நடந்ததைச் சொல்லி அவரோடு மருத்துவமனைக்குப் போனேன். அந்தப் பெண் அவரைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கட்டிலருகே நின்று நான் சொன்னேன்: "மிஸ் யார்கிட்டயும் சொல்லலம்மா. ஓட்டை என் சர்வர்ல. நேரத்துக்கு அடைக்காம விட்டேன். அடைச்ச பெறகும் உள்ள யார் இருக்கான்னு பாக்கல."

அவள் திரும்பினாள். ஆலோசகரின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இப்ப அடைச்சிட்டீங்களா சார்?"

"அடைச்சாச்சும்மா."

"மிஸ்கிட்டயும் அப்படித்தான சொன்னீங்க."

குரலில் கோபம் இல்லை.

அவள் பிறகு கல்லூரிக்குத் திரும்பவில்லை. ஜோகூரில் பெற்றோரோடு இருப்பதாகவும், சற்றுச் சாய்ந்து நடப்பதாகவும் கேள்விப்பட்டேன். ஆலோசகர் வேலையை விடவில்லை. ஆனால் மாணவர்களிடம் எழுத வேண்டாம், நேரில் வாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. சிவப்புச் சரிக்குறியை நான் அடித்து அழிக்கவில்லை. இப்போதெல்லாம் திருத்தம் வந்த அன்றே போடுகிறேன், பெருநாளானாலும் சரி. போட்டபின் ஒவ்வொரு பெட்டியின் அமைப்பையும் திறந்து பார்க்கிறேன். எல்லாம் பார்த்து முடித்துச் சிவப்புப் பேனாவை எடுக்கும்போது, கட்டிலில் கிடந்த அந்தப் பெண்ணிடம் 'அடைச்சாச்சு' என்று உறுதியாகச் சொல்ல முடியுமா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். பல நாட்கள் குறி போடாமலேயே நோட்டை மூடிவைக்கிறேன்.