லிண்டன் ஹாஸ்கெட்டின் மருந்து

எங்கள் பிரிஸ்பேன் ஆய்வகத்தின் தலைவர் லிண்டன் ஹாஸ்கெட்டைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லலாம். நேரத்துக்கு வந்துவிடுவார். வேறு எதையும் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். டூவும்பாவில் இறைச்சிக்கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர். முப்பது வயதில் ஒரு கீமோகைனைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அதே கட்டுரையைத் தலைப்பை மட்டும் மாற்றி இன்றுவரை எழுதிக்கொண்டிருக்கிறார்.

கீமோகைன் என்பது சின்னப் புரதம். விரலில் முள் குத்தினால் அந்த இடத்துச் செல்கள் அதைக் கசியவிடும். வெள்ளணுக்கள் அது எங்கே அதிகமோ அந்தப் பக்கமாக ஊர்ந்து போய்ச் சேரும். கிருமி சாகும், வீக்கம் வடியும். ஆனால் முடக்குவாதம் வந்தவர்களுக்கு முள்ளும் இல்லை, கிருமியும் இல்லை. மூட்டு சும்மாவே கூப்பிட்டுக்கொண்டிருக்கும். வந்த வெள்ளணுக்கள் வேலை இல்லாமல் மூட்டையே அரிக்கும். இப்படிக் கூப்பிடும் புரதங்கள் உடம்பில் ஏறக்குறைய ஐம்பது உண்டு. ஹாஸ்கெட் அதில் ஒன்றை "என்னோட கீமோகைன்" என்பார், ஏதோ பெற்று வளர்த்ததுபோல. அந்த ஒன்றின் அழைப்பைத் தடுக்க ஒரு மருந்தும் வைத்திருந்தார். எலிகளில் பாதிக்குக் கால் வீக்கம் குறைந்தது. மீதிப் பாதியைப் பற்றி அவர் எந்த மேடையிலும் பேசியதில்லை.

கீழ்த்தளத்தில் கேன்டீன் நடத்தும் பெண்மணி டெஸ்லிக்கு முடக்குவாதம். வாரம் ஒரு ஊசி போட்டுக்கொள்வதால்தான் காலையில் அவருடைய விரல்கள் மடங்கின. அந்த விரல்களால்தான் பிழைப்பு. ஹாஸ்கெட் காபி வாங்கப் போகும்போதெல்லாம் கவுன்டரில் சாய்ந்துகொண்டு அவரைக் கரைத்தார்.

"இன்னும் அந்தப் பழைய ஊசியத்தான் போட்டுக்கிறீங்களா, டெஸ்?"

"அது இல்லேன்னா உன் காபிக் கப்பத் தூக்க முடியாது, கண்ணு."

"எங்க மருந்து வந்தா ஊசியே வேணாம். மூட்டு எவ்வளவு கத்தினாலும் வெள்ளணு காதப் பொத்திக்கும். மனுஷங்களுக்குக் கொடுத்துப் பாக்கப் போறோம். நீங்கதான் முதல் ஆளு."

"அதுக்கு ஊசிய நிறுத்தணுமாமே?"

"ஆறே வாரம்."

"ஆறு வாரம் ஸ்கோன் மாவ மூக்காலயா பிசையறது?"

ஹாஸ்கெட் விழுந்து விழுந்து சிரித்தார். டெஸ்லி கையெழுத்துப் போட்டார். தினமும் பெயர் சொல்லிக் காலை வணக்கம் சொல்கிற ஆராய்ச்சியாளர் பொய் சொல்வாரா என்று நினைத்திருப்பார். வரும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஊசியைப் போடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பேச வேண்டியவள் மெரின், எங்கள் ஆய்வு உதவியாளர். பேசுகிறவர்தான் தின்பண்டம் கொண்டுவர வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அவள் டெஸ்லியிடம் ஸ்கோன் என்ற குட்டி ரொட்டிகள் சொல்லியிருந்தாள். டெஸ்லி தட்டோடு உள்ளே வந்து, ஒவ்வொன்றாகப் பிளந்து ஜாமும் கிரீமும் தடவிக்கொண்டு நின்றார்.

மெரின் காட்டியது இதுதான். கிண்ணத்துக்குள் கிண்ணம், நடுவில் நுண்ணிய ஓட்டைகள் உள்ள சவ்வு. மேலே வெள்ளணு, கீழே கீமோகைன். மருந்து இல்லாவிட்டால் வெள்ளணுக்கள் கீழே இறங்கும். மருந்து இருந்தால் மேலேயே நிற்கும். ஹாஸ்கெட்டின் பெருமையெல்லாம் இந்தச் சோதனையின் மேல்தான் நின்றது. ஆனால் கீமோகைனைக் கரைக்கும் உப்புநீரில் அல்புமின் என்ற ரத்தப் புரதத்தைக் கொஞ்சம் சேர்ப்பது எல்லா ஆய்வகங்களிலும் வழக்கம். சேர்க்காவிட்டால் கீமோகைன் பிளாஸ்டிக் குழாயின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். அல்புமின் தன் மருந்தைப் பிடித்துக்கொள்ளும் என்று ஹாஸ்கெட்டுக்குப் பயம். அதனால் மருந்து போடும் குழாய்களில் மட்டும் அதைச் சேர்க்க வேண்டாம் என்றார். மருந்து போடாத குழாய்களில் வழக்கம்போலச் சேர்த்தோம்.

"மருந்தும் போடாம, அல்புமினும் சேக்காமப் பாத்தேன். அப்பவும் செல் இறங்கல," என்றாள் மெரின். "மருந்தையும் அல்புமினையும் சேத்துப் போட்டா ஜோரா இறங்குது. நம்ம மருந்து எதையும் தடுக்கல, லிண்டன். கீமோகைன் குழாயிலயே ஒட்டிக்கிட்டு, கீழ கூப்பிட ஆளே இல்லாமப் போயிருக்கு."

"உன் கை சரியில்ல."

"வேற ஆள வெச்சும் செஞ்சாச்சு."

"அப்ப அல்புமின்தான் மருந்தப் பிடிச்சு வெச்சிருக்கு. நான்தான் முன்னாடியே சொன்னேனே!"

"மனுஷ ரத்தம் முழுக்க அல்புமின்தானே? அங்க மட்டும் எப்படி வேல செய்யும்?"

யாரும் ஸ்கோனைத் தொடவில்லை. டெஸ்லி கத்தியைக் கீழே வைத்தார்.

"லிண்டன், எனக்குப் புரியறமாதிரி சொல்லு. அந்த மருந்துக்கு நோவு கேக்குமா, கேக்காதா?"

"விஞ்ஞானத்துல அப்படி ஆமா இல்லன்னு சொல்ல முடியாது, டெஸ். இது ஒரு பயணம்..."

"பயணத்துக்கு என் கையத்தான் எடுத்துட்டுப் போறியா? உங்கம்மாவா இருந்தா ஊசிய நிறுத்தச் சொல்வியா?"

ஹாஸ்கெட் திரையைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இது ஆய்வுக் கூட்டம். வெளியாளுங்க கேள்வி கேக்கற இடமில்ல," என்றார். இருபது வருடமாக அந்த மனிதருக்குக் காபி ஊற்றிய பெண் ஒரு நிமிடத்தில் வெளியாள் ஆகிவிட்டார். தவறு யாருக்கும் வரும். அதை ஒப்புக்கொள்ள அவருக்கு ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியத்தைவிட டெஸ்லியின் பத்து விரல்கள் அவருக்கு மலிவாகத் தெரிந்தன. அறை நிறையப் படித்தவர்கள் இருந்தோம். மெரினைத் தவிர ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்கள் லட்சணம் அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை ஹாஸ்கெட் எதுவுமே நடக்காததுபோலக் கவுன்டருக்கு வந்தார்.

"நேத்து ஊசிய நிறுத்திட்டீங்கல்ல?"

"போட்டுக்கிட்டேன். என் பேர எடுத்துடு."

"கடைசி நேரத்துல இப்படிப் பண்ணா எப்படி? உங்க இடத்துக்கு வேற ஆளத் தேடணுமே," என்று சலித்துக்கொண்டார். காபியை மறக்காமல் எடுத்துக்கொண்டார்.

தேடும் வேலை அவருக்கு மிச்சமாயிற்று. மெரின் சனிக்கிழமையே மருத்துவமனைக்குப் போய், நோயாளிகளுக்கு மருந்து கொடுத்துச் சோதிக்கவிருந்த மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அந்த வாரமே சோதனை நிறுத்தப்பட்டது. "நோயாளிகளோட நலன்தான் முக்கியம்னு நானே நிறுத்திட்டேன்," என்று ஹாஸ்கெட் மாடிப்படியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். கீழே டெஸ்லி மாவு பிசைந்துகொண்டிருந்தார்.