எனக்கும் இருந்த பூனைக் கிருமி

போன வருஷம் மல்லாட்டைச் செடி பிடுங்கிக் கடலை ஆய்கிற சமயம். செஞ்சியில் நெல் மண்டியில் மூட்டை தூக்கும் என் தம்பி, வலது கை மரத்துப்போய் மூட்டையோடு விழுந்துவிட்டான் என்று ஆட்கள் வந்து சொன்னார்கள். நான் ஓடிப் போவதற்குள் வலிப்பும் வந்துவிட்டது. அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போகச் சொன்னார்கள் அக்கம்பக்கத்தில். அதுவரை தாங்குவானா? ஆம்புலன்ஸில் ஏற்றிப் புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டேன்.

ஸ்கேனில் மூளைக்குள் கட்டி கட்டியாகத் தெரிந்தது. ரத்தத்தில் ஒரு கிருமிக்கான எதிர்ப்புப் பொருள் இருக்கிறதாம். பூனை மூலமாகப் பரவுகிற கிருமி என்றார் டாக்டரம்மா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வீட்டுப் பூனை எந்நேரமும் என் மடியில்தானே கிடக்கும்! எனக்கும் அந்த டெஸ்ட்டை எடுங்கள் என்று பிடிவாதம் பிடித்தேன். தேவையில்லை என்றவர், என் தொல்லை தாங்காமல் எழுதிக் கொடுத்தார். அதற்குள் தம்பி குடித்த டம்ளரைத் தொடவே எனக்குப் பயம்.

ரிசல்ட் வந்தது. எனக்கும் இருந்தது!

காகிதத்தோடு டாக்டரம்மாவிடம் ஓடினேன். "இன்னாம்மா இது, நானும் இவன மாதிரி உழுந்துடுவனா? எனக்கு ரெண்டு பொட்டப் புள்ளைங்க இருக்குதும்மா" என்று வார்டே திரும்பிப் பார்க்க அழுதேன்.

"பயப்படாதீங்க. மண்ணுல, சரியா வேகாத கறியில, இப்படிப் பல வழியில இது வரும். நிறைய பேருக்கு இருக்கு. உங்க உடம்பு என்னிக்கோ அதோட சண்டை போட்டு அடக்கி வெச்சிருக்கு, அதைத்தான் இந்த டெஸ்ட் காட்டுது. உங்களை ஒண்ணும் பண்ணாது" என்றார் டாக்டரம்மா.

"அப்ப இவனுக்கு மட்டும் ஏம்மா இப்படி?"

அவர் தம்பியைப் பார்த்தார். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அப்படியே நாக்கு குழறச் சொன்னான்.

"எனக்கு எச்.ஐ.வி. இருக்குதுக்கா. மண்டியில யாருக்கனா தெரிஞ்சுடும்னு மாத்திரை வாங்கப் போறதையே நிறுத்திட்டேன். உனக்குத் தெரிஞ்சா ஊட்ட உட்டுத் தொரத்திடுவியோன்னு இருந்துச்சு."

என்னை ஒன்றும் செய்யாத அதே கிருமி, அடக்கி வைக்கிற சக்தி போய்விட்டதால் அவன் மூளைவரை ஏறியிருக்கிறது. ஒரே சட்டியில் சோறு தின்றுகொண்டு, பக்கத்து அறையில் அவன் செத்துக்கொண்டிருந்திருக்கிறான். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை!

நல்லவேளை, மருந்து கேட்டது. கொஞ்சம் கொஞ்சமாகக் கை திரும்பியது. இப்போது அதே மண்டியில் எடை போடுகிற வேலை. மாத்திரை தீர்வதற்கு முன்னாலேயே நான்தான் அவனை ஆஸ்பத்திரிக்கு விரட்டி அனுப்புகிறேன், சில சமயம் கூடவும் போகிறேன்.

அந்தக் கிருமி எனக்குள் இன்றைக்கும் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறதாம், அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. ஆனால் கூடப் பிறந்தவன் தன் நோயைவிட என்னைப் பார்த்து அதிகமாகப் பயந்திருக்கிறான் என்று நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது.